பனிக்குப் பின் பலகைத் திண்ணை
(பதினோராம் வகுப்பு மாணவியர் இருவர்)

கொல்லிமலை என்றதும் உங்கள் நினைவுக்கு வருபவை வல்வில் ஓரியும், ஆகாய கங்கை அருவியும், வயிற்றைக் கலக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளுமே ஆகும். "உங்கள் ஊரில் பனிக்கட்டி விழுமா?" என்று விடுதியில் எங்களைக் கேட்டவர்களும் உண்டு. விழாது. ஆனால் கடல் மட்டத்துக்கு மேல் 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் மலை அல்லவா! எங்கள் திண்ணனூர் நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த கையோடு மார்கழிப் பனி இறங்கிவிடும். காலை எட்டு மணிக்கும் எதிர் வீட்டுக் கூரை தெரியாது. துவைத்துப் போட்ட பாவாடை மூன்று நாளானாலும் ஈரம் மாறாது. பாவாடையே காயாதபோது மரம் எப்படிக் காயும்? அந்த மரத்தைப் பற்றித்தான் எழுத வந்தோம்.

மற்ற வீடுகளில் இருப்பது சாணம் மெழுகிய மண் திண்ணை. எங்கள் வீட்டின் முன்புறம் நிலம் சட்டென்று பள்ளத்தில் இறங்குவதால், தாத்தா அங்கே மண்ணைக் கொட்டி நிரப்பாமல், கருங்கல் கால்களை நட்டு, அவற்றின்மேல் உத்திரம் கிடத்தி, பலாப் பலகைகளைப் பரப்பிவிட்டார். பாதித் திண்ணைக்குக் கூரை உண்டு. மறுபாதி வானம் பார்த்தது. மிளகு காய்வதும், காப்பிக்கொட்டை காய்வதும், அப்பாயி வெயில் காய்வதும் அங்கேதான். நாங்கள் இருவரும் எழுத்துக் கூட்டிப் படித்ததும் அதன்மேல் உட்கார்ந்துதான்.

சென்ற கார்த்திகையில் ஒரு நாள் ஓரப் பலகை ஒன்று மளுக்கென்று உடைந்து, அப்பாயியின் கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. எலும்பு முறியவில்லை, ஆண்டவருக்கு நன்றி. ஆனால் புண் ஆறப் பல நாட்கள் ஆயின. புண் ஆறிய பின்னும் அப்பாயி திண்ணைப் பக்கம் வரவில்லை. வாசற்படியோடு நின்றுவிட்டார். சித்தப்பாவோ, "எல்லாத்தையும் பேத்துப்புட்டுச் சிமெண்டு போட்டுடலாம்" என்றார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நாங்கள் வீடு போய்ச் சேர்ந்தபோது, சிமெண்டுக்குக் கணக்குப் போட்ட தாள் மாடக்குழியில் இருந்தது.

"ஆசாரியை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துட்டு அப்புறம் பேக்கலாமே, சித்தப்பா" என்று கெஞ்சினோம். வந்த ஆசாரி எதையும் பேசாமல் திருப்புளி முனையால் ஒவ்வொரு பலகையையும் குத்திக்கொண்டே போனார். நடுப்பகுதியில் முனை இறங்கவே இல்லை. முனைகளிலும், இரண்டு பலகைகள் சேரும் இடங்களிலும்தான் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அந்த இடுக்குகளைக் கிளறினால் பலா இலையும் மண்ணும் மட்கிக் கருப்பாய் வந்தன. "பலகை மழையில சாகல கண்ணு. வந்த தண்ணி போறதுக்கு வழியில்லாமச் செத்துச்சு" என்றார் ஆசாரி.

விடுமுறை முடிந்து திரும்பியதும் இதை எங்கள் உயிரியல் ஆசிரியை சிஸ்டரிடம் சொன்னோம். அவர்கள் மிகவும் மகிழ்ந்து விளக்கினார்கள். மரத்தை உளுக்கச் செய்வது தண்ணீர் அன்று, ஒருவகைப் பூஞ்சை. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருக்குமானால் அந்தப் பூஞ்சை வளர இயலாது. மேலும், மரத்தின் நீர்க்குழாய்கள் நீளவாட்டில் ஓடுவதால், அறுபட்ட முனைகளே மற்ற இடங்களைவிட வேகமாகத் தண்ணீரைக் குடிக்கின்றன. ஆசாரியின் திருப்புளி கண்டுபிடித்ததும் இதுவேதான்!

இதில் எங்களுக்கு வியப்பூட்டிய செய்தி ஒன்று உண்டு. கொல்லிமலையின் மற்றொரு நாடான வாழவந்தி நாட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்னும் சீர்திருத்தச் சபை ஊழியத் தம்பதியர் மரவீடு அமைத்துக் குடியிருந்தனர். வேலூரில் தொழுநோயாளர்களின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் பிறந்தது இவர்களுக்கே. அந்த மரவீட்டைக் கறையானுக்கு அஞ்சித் தரையில் படாமல் கால்களின்மேல் தூக்கி வைத்திருந்தார்கள். நார்வே நாட்டிலும் போர்குண்ட் என்ற ஊரில் 1180-ஐ ஒட்டிக் கட்டிய மரக்கோவில் ஒன்று இன்றும் நிற்கிறது. அங்கே விழுவது மெய்யான பனிக்கட்டி! மரம் மண்ணைத் தொடாதபடி கல்லின்மேல் நிறுத்தி, பைன் மரத்துத் தாரை அவ்வப்போது பூசிவருவதால் எண்ணூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் தாத்தாவும் அதே கருங்கல் காலைத்தானே நட்டார் என்று எங்களுக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது.

இனி வேலைக்கு வருவோம். கிறிஸ்துமஸ் விடுமுறையிலேயே மூங்கில் சிம்பால் இடுக்குகளை எல்லாம் நோண்டிச் சுத்தம் செய்தோம். திண்ணைக்கு அடியில் அடுக்கியிருந்த விறகைக் கொட்டகைக்கு மாற்றினோம். அது காற்றை அடைத்துக்கொண்டு கறையானுக்கு ஏணியாகவும் இருந்தது. பிறகு சலவைச் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றி, தேங்காய் நாரால் மரத்தின் ரேகை ஓடும் வாக்கிலேயே தேய்த்தோம். பாசி போகப் பிளீச்சிங் பவுடர் போடலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அது மரத்தின் நாரையே அரித்துவிடும் என்று ஆசாரி தடுத்துவிட்டார். நிறையத் தண்ணீர் விட்டு அலசினோம். கைகள் விறைத்துப்போயின, மார்கழித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று மலைக்கு வந்து தொட்டுப் பாருங்கள்!

உளுத்த மூன்று பலகைகளில் ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன்னர் அவசரத்துக்குப் போட்ட சில்வர் ஓக். மிளகுக்கொடி ஏறுவதற்கு அருமையான மரம், மழையில் கிடப்பதற்கு ஆகாது. அப்பாயியின் கால் இறங்கியது அதில்தான். அதையும் மற்றொன்றையும் எடுத்துவிட்டு, வைரம் பாய்ந்த பலாப் பலகைகளை ஆசாரி பொருத்தினார். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஓர் ஆணி கனத்துக்கு இடைவெளி விட்டார். மழையில் மரம் அகலவாட்டில் உப்பும். உப்ப இடமில்லாவிட்டால் ஒன்றையொன்று நெருக்கித் தண்ணீரைத் தேக்கிக்கொள்ளும்.

எண்ணெய் பூசுவதைப் பொங்கல் விடுமுறைக்கு ஒத்திவைத்தோம். ஈர மரத்தில் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகிவிடுமாம். தை வெயிலில் மரம் காய்ந்துவிட்டதா என்று அறிய நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தோம். உடனே உறிஞ்சியது. ஆளிவிதை எண்ணெயை (கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்க வேண்டும்) துணியில் தோய்த்து மெல்லியதாகத் தேய்த்து, கால்மணி கழித்து மிஞ்சியதைத் துடைத்தோம். முனைகளுக்கு மட்டும் இருமுறை. லாரியில் வடித்த கழிவு ஆயில் மலிவாகக் கிடைக்கும் என்றார்கள். மிளகு காயும் இடத்தில் அது எதற்கு? அம்மாக்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். உலரும்போது உள்ளே சூடேறித் தானாகவே தீப்பற்றிவிடும். நாங்கள் வெளியே கல்லின்மேல் விரித்துக் காயவைத்தோம்.

மாட்டுப் பொங்கலன்று மாலை அப்பாயி தம் தடியோடு வாசற்படியில் வந்து நின்றார். ஒவ்வொரு பலகையையும் தடியால் தட்டினார். மூன்றாம் பலகையில் தடி நின்றது. சித்தப்பா கை கொடுக்கப் போனார். "உடு, நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கால் வைத்தார். உட்கார்ந்த பிறகு, "முறத்தைக் கொண்டாங்க கண்ணு" என்றார். பாயை விரித்து, பறித்து வந்த மிளகை அவர் முன்னால் கொட்டினோம்.

மூலைப் பலகை ஒன்று இன்னும் மாற்றப்படாமல் இருக்கிறது. அதற்கான பலா மரம் அறுபட்டு, பலகையாகி, நிழலில் காய்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த மழைக்குள் பொருத்துவதாக ஆசாரி வாக்களித்திருக்கிறார். அதுவரை யாரும் கால் வைக்காதபடி அதன்மேல் ஒரு பழைய கூடையைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.