டிவி ஸ்டாண்டுக்கு இரண்டாவது வேலை

2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி அது. முன்பக்கம் சின்னது, முதுகு நீளம். அதை வைக்க ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு ஸ்டாண்டு வேண்டியிருந்தது. சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் பக்கத்து பர்னிச்சர் கடைகளில் அட்டைப்பெட்டிக்குள் பலகை பலகையாக அடுக்கி, ஒரு பொட்டலம் திருகாணியோடு விற்றார்கள். வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்து முடுக்கிக்கொள்ள வேண்டும். சில வருடத்தில் தட்டை டிவி வந்து சுவரில் ஏறிவிட்டது. ஸ்டாண்டு மட்டும் பழைய செய்தித்தாளையும் அறுந்த செருப்பையும் சுமந்துகொண்டு மூலையில் நிற்கிறது. இதற்கிடையே 2011-இல் விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வந்தன. அவற்றுக்கு நிற்க இடமில்லை. எட்டடிக்கு ஆறடி சமையலறையில் கிரைண்டர் தரையில் கிடக்கும், அரைக்கிறவர் குனிந்தே நிற்பார்.

இடமில்லாத பொருளையும் வேலையில்லாத ஸ்டாண்டையும் சேர்த்து வைப்பதுதான் என் தொழிலின் பெரும்பகுதி. ஜன்னல், கதவு செய்யும் ஆசாரி வேலைதான் கற்றேன். ஆனால் இந்த மாற்றுவேலையில்தான் மனம் முழுதாக ஒட்டியிருக்கிறது.

"இதை எடைக்குப் போட்டா என்ன அண்ணாச்சி தருவாங்க?" என்று கேட்டபடிதான் பல வீடுகளில் ஸ்டாண்டைக் காட்டுவார்கள்.

"ஒண்ணும் தரமாட்டாங்கக்கா. இது இரும்பும் இல்ல, மரமும் இல்ல."

உண்மை அதுதான். பார்ட்டிகிள் போர்டு என்பது மரச்சீவலையும் தூளையும் பசையில் குழைத்து, சூட்டில் அழுத்திய பலகை. அதன் மேல் ஒரு காகிதத் தோல். தேக்கிலும் வேம்பிலும் இருப்பது போல இதில் ரேகை ஓடாது. மேல் கீழ் இரு பரப்பும் கெட்டி, நடுவயிறு பொலபொலப்பு. பலகையின் முகத்தில் இறக்கிய திருகாணி ஓரளவு பிடிக்கும். ஓரத்தில், அதாவது அந்த வயிற்றில் இறக்கியது, நாலு தடவை ஆட்டினால் கழன்றுவிடும். மரவேலை தெரிந்தவர்கள் இந்தப் பலகையை மட்டமாகப் பேசுவதற்குக் காரணம், இதை மரமாக நினைத்துக் கையாண்டதுதான். இது வேறு பொருள், இதற்கு வேறு முறை.

பிரித்து அடுக்கி அனுப்பும் யோசனையே ஏழைப் பொருளின் யோசனை என்று நினைக்க வேண்டாம். மைக்கேல் தோனெட் 1859-இல் வெளியிட்ட 14-ஆம் எண் நாற்காலிக்கு ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு மரை மட்டும் போதும். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி அடங்கும். வியன்னா காபிக் கடைகளில் பெயர் வாங்கிய நாற்காலி அது. 1956-இல் ஐக்கியா ஊழியர் கில்லிஸ் லுண்ட்கிரென் ஒரு மேசையைக் காருக்குள் ஏற்ற முடியாமல் கால்களைக் கழற்றினார், அதிலிருந்து அந்த நிறுவனத்தின் வழியே மாறியது என்று சொல்வார்கள். 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் ஐக்கியாவின் முதல் இந்தியக் கடை திறப்பதற்கு வெகுகாலம் முன்பே நம் ஊர்க் கடைக்காரர்கள் இதே முறையில் விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிரிக்கத் தெரிந்த பொருளை மாற்றிக் கட்டவும் முடியும். ஆனால் ரம்பத்தை எடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: எடை எந்த வழியாகத் தரைக்குப் போகிறது? டிவி ஸ்டாண்டின் மேல்பலகை பெரும்பாலும் இரண்டு பக்கப் பலகைகளின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். எடை பலகை வழியே நேராக இறங்கும், அது நல்ல அமைப்பு. நடுத்தட்டு அப்படியல்ல. இரண்டு பக்கத்துக்கும் நடுவே, ஓரத்தில் குத்திய திருகாணியில் தொங்கிக்கொண்டிருக்கும். டிவிடி பெட்டி வைக்க அது போதும். பத்துப் பன்னிரண்டு கிலோ கிரைண்டரை அங்கே வைத்தால் ஒரே மாதத்தில் தட்டு கீழே. அதனால் நடுத்தட்டுக்கு அடியில், பக்கப் பலகையின் முகத்தில், ஒரு அங்குல ரீப்பர் கட்டையைப் பசையும் திருகாணியும் போட்டு ஒட்டுகிறேன். தட்டு இனி கட்டைமேல் படுத்திருக்கும். திருகாணிக்கு எடை தாங்கும் வேலை கிடையாது, விலகாமல் பிடிக்கும் வேலை மட்டும்தான்.

வளைவுக்கும் கணக்கு உண்டு. தாங்கலுக்குத் தாங்கல் உள்ள இடைவெளியைப் பாதியாக்கினால், நடுவில் வைத்த அதே எடைக்குப் பலகை வளைவது எட்டில் ஒரு பங்காகக் குறையும். இரண்டு பலகையைப் பசை போட்டு ஒன்றாக்கித் தடிமனை இரட்டித்தாலும் அதே எட்டில் ஒன்று. மூன்றடித் தட்டு தொட்டில் மாதிரி தொங்குவதைப் பார்த்துப் புதிது வாங்கக் கிளம்புகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். நடுவில் ஒரு கட்டை கொடுங்கள்.

பழைய திருகாணித் துளைகள்தான் அடுத்த தொல்லை. கழற்றி மாட்டியதில் துளை அகன்றிருக்கும். பெரிய திருகாணி போட்டு முடுக்குவது எல்லோரும் செய்வது, அதில் வயிறு இன்னும் வெடிக்கும். இங்கே எனக்குக் கைகொடுப்பது எங்கள் ஊர்ச் சரக்கு. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததிலிருந்து இந்த வட்டாரத்தில் குச்சிக்குப் பஞ்சமில்லை. மருந்து முக்காத வெறுங்குச்சியைக் கைப்பிடி வாங்கி வைத்திருப்பேன். துளைக்குள் தூளை ஊதிவிட்டு, பெவிகாலை நன்றாக ஊற்றி, குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். நாலைந்து குச்சி தளர்வாகப் போகும், அதற்கடுத்தது முனகிக்கொண்டு இறங்கும், கடைசிக் குச்சியைச் சுத்தியலால் தட்டித்தான் இறக்க முடியும். ஒரு ராத்திரி காயவிட்டு, மேலே நீட்டியிருப்பதைச் சீவிவிட்டு, நடுவில் மெல்லிய பிட்டால் துளை போட்டால், திருகாணி புது மரத்தில் இறங்குவது போல இறங்கும். துளை ரொம்பவே சிதைந்திருந்தால் 8 மி.மீ. மரமுளை. முளைக்கும் குச்சிக்கும் பசை காய்கிற நேரம்தான் முக்கியம். அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

மேல்பரப்புக்கு சிவகாசி இன்னொன்று தருகிறது: அச்சகத்தில் ஓட்டி முடித்த ஆப்செட் பிளேட். சுத்தமான மெல்லிய அலுமினியத் தகடு. காலண்டர் வேலை மும்முரமாக நடக்கும் மாதங்களில் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும். முருகனும் லட்சுமியும் நீலநிற நிழலாகத் தெரிவார்கள். எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருக்காது, நேராகவே படிக்கலாம். ஏனென்றால் ஆப்செட்டில் மை தகட்டிலிருந்து ரப்பர் போர்வைக்குப் போய், அங்கிருந்துதான் காகிதத்துக்கு வரும், இரண்டு முறை திரும்புகிறது. படம் இருக்கும் பக்கத்தை அடியில் வைத்து, தகட்டிலும் பலகையிலும் ரப்பர் பசை தடவி, ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, ஒரு முனையிலிருந்து உருட்டி ஒட்டுவேன். ஓரம் கத்தி மாதிரி வெட்டும், கால் அங்குலம் மடித்துத் தட்டாமல் விடக் கூடாது. மாவு சிந்தினாலும் தண்ணீர் கொட்டினாலும் கீழே இறங்காது. உணவை நேரடியாக வைக்க இது ஆகாது. அலுமினியம் மின்சாரம் கடத்தும், ஆகவே பிளக் பாயிண்டை ஒட்டி வைப்பதில்லை. கிரைண்டருக்கு எர்த் உள்ள மூன்று முனை இணைப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தகடு ஒட்டுவேன்.

மழை குறைந்த, காற்று உலர்ந்த பூமி இது. தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே நிலைத்ததற்கு அந்த வறட்சியும் ஒரு காரணம். பார்ட்டிகிள் போர்டுக்கும் அது நல்லதுதான். மழையை விட அதிகமாக இதைக் கெடுப்பது வீடு துடைக்கும் ஈரத் துணி. கீழ் ஓரம் தண்ணீர் உறிஞ்சி, ஊதி, தோல் பிய்ந்துவிடும். ஊதியது திரும்ப அமுங்காது. அறுத்த ஓரம் எதுவானாலும் தண்ணீர் கலந்த பெவிகால் இரண்டு கோட்டு, அதன்மேல் எனாமல் பெயிண்ட் அல்லது எட்ஜ் பேண்ட். சக்கரத்தைக் கழற்றிவிட்டு நான்கு மூலையிலும் பி.வி.சி. குழாய் மூடி மாட்டி அரை அங்குலம் தூக்கி நிறுத்துவேன். கரையான் பயமும் உண்டு. சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டால், மண்புற்று ஏறுவது கண்ணில் படும்.

கம்ப்யூட்டர் டேபிள்தான் எனக்கு மிகவும் பிடித்த சரக்கு. அதில் இழுத்துத் தள்ளும் கீபோர்டு தட்டு இருக்கிறது, அந்தச் சேனல் ஒன்றே காசு பெறும். இந்தப் பக்கம் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடிப்பார்கள், காகிதப் பை ஒட்டுவார்கள், நோட்டு அடுக்குவார்கள். சம்மணமிட்டு, முதுகு வளைந்து, தரையில் பரப்பிக்கொண்டு செய்யும் வேலை. டேபிளின் பக்கப் பலகைகளை முழங்காலுக்கு மேல் இரண்டு விரல் இடம் கிடைக்கிற உயரத்தில் அறுத்து, கீபோர்டு தட்டைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டினால், பசைக் கிண்ணமும் கத்தரிக்கோலும் இருக்கும் இழுப்பறையோடு தரை மேசை தயார். உயரத்தை டேப்பால் மட்டும் முடிவு செய்வதில்லை. வேலை செய்கிறவரை உட்கார வைத்து, தோள் தூக்காமல் கை மேசைமேல் படுகிறதா என்று பார்த்துத்தான் கோடு போடுவேன். முழங்கால் வலி உள்ளவருக்கு எதிர்த்திசையில், அறுக்காமல் அப்படியே விட்டு ஸ்டூல் செய்து தருவேன். மாலையில் அதே மேசையில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். அறுக்கும்போது கோட்டின்மேல் டேப் ஒட்டி, கத்தியால் கீறிக்கொண்டால் தோல் சிதறாது. தூளில் பசை கலந்திருக்கிறது, அறுப்பது மொட்டைமாடியில், முகக்கவசத்தோடு.

விருதுநகர்ப் பக்கம் போனால் சரக்கு வேறு. அது மளிகை, எண்ணெய், மிளகாய் வியாபார ஊர். கடை மூடியவர், கிட்டங்கியைச் சுருக்கியவர் வீட்டில் ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் கிடக்கும். லண்டனில் டிமெட்ரியஸ் காமினோ துளையிட்ட ஆங்கிளை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, பெரியவர்கள் விளையாடும் மெக்கானோ போல எதையும் கட்டலாம் என்பதுதான் அதன் பெருமை. இன்றைக்கும் அப்படித்தான். நட்டு போல்ட்டைக் கழற்றினால் அதே ஆங்கிளில் துணி உலர்த்தும் சட்டம், மாடித் தோட்டத் தாங்கி, இரண்டு பிள்ளைகளுக்கான படிப்பு மேசை, எது வேண்டுமோ அது. மூலைக்கு மூலை முக்கோணத் தகடு மட்டும் போடாமல் விடக் கூடாது. அது இல்லாத ரேக் பக்கவாட்டில் ஆடும். பார்ட்டிகிள் போர்டு அலமாரியில் முதுகில் இருக்கும் மெல்லிய ஹார்டுபோர்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. அழகுக்காக அதைக் கழற்றச் சொல்கிறவர்களுக்கு நான் சம்மதிப்பதில்லை.

கட்டில் சட்டத்தை ஊஞ்சலாக்கித் தரச் சொன்னால் மறுத்துவிடுவேன். ஆடுகிற சுமைக்கு பார்ட்டிகிள் போர்டு ஆகாது. பட்டாசு, தீப்பெட்டி மருந்து தொடுகிற எந்த வேலைக்கும் வீட்டு மேசை செய்து தரமாட்டேன், என்ன கூலி கொடுத்தாலும். அதற்கு உரிமம் பெற்ற தொழிற்சாலைக் கட்டடம் இருக்கிறது. தீப்பொறி பறக்கக்கூடிய இரும்புக் கருவியைக் கூட அங்கே உள்ளே விடுவதில்லை.

மாற்றிக் கட்டிய அலமாரி, ரேக் எதுவானாலும் கடைசியாக நான் போடுவது சுவரோடு பிடிக்கும் இரண்டு எல் கிளாம்ப். இழுப்பறையை இழுத்து, அதில் கால் வைத்து ஏறும் குழந்தையின் எடைக்கு அலமாரி முன்னால் சாயும். 2016-இல் ஐக்கியா அமெரிக்காவில் சுமார் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது இதனால்தான், குழந்தைகள் இறந்த பிறகு. நீங்களே வீட்டில் செய்தாலும் சரி, ஆசாரியை வைத்துச் செய்தாலும் சரி, அந்தக் கிளாம்ப் இரண்டையும் சுவரில் ரால் பிளக் போட்டு முடுக்காமல் அலமாரியில் ஒரு துணியைக்கூட அடுக்காதீர்கள்.