நாலு மணிக்கு வீடு திரும்பும் வேலை

“பொண்ணுக்கு டீச்சர் வேலைதான் நல்லது.” புதுவாயலில் மகளைக் கல்லூரிக்கு அனுப்பச் சம்மதிக்கிற வீடுகளில் பெரும்பாலும் இந்த வாக்கியத்தோடுதான் சம்மதம் வருகிறது. அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். நாலு மணிக்கு வீடு திரும்பிவிடலாம். மே மாதம் விடுமுறை. நைட் ஷிப்ட் கிடையாது. நாளைக்கு வருகிற மாப்பிள்ளை வீட்டாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

2014 முதல் இந்தப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் நடத்துகிறேன். பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் என்னிடம் படித்துப் போன பிள்ளைகள் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வருவார்கள். “பி.எஸ்சி. மேத்ஸ் சேர்க்கலாமா டீச்சர்?” என்பதுதான் கேள்வி. அந்த ‘நல்லது’ என்ற வார்த்தையோடு நான் சண்டை போடுவதில்லை. அது ஒரு கதவைத் திறக்கிறது. திறந்த கதவு வழியாகப் பெண் உள்ளே போய்விடட்டும். ஆனால் அந்த வார்த்தையை மட்டும் நம்பிப் போடுகிற திட்டம் பாதியில் நின்றுவிடுகிறது. எந்த இடத்தில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். என் சான்றிதழ்க் கோப்பிலேயே அந்த இடம் இருக்கிறது. பட்டம் 2007, பி.எட். 2012. நடுவில் ஒரு கல்யாணம், ஒரு குழந்தை.

முதலில் இந்த ஊரின் நிலவரத்தைச் சொல்ல வேண்டும். கொல்கத்தா நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. விடிவதற்கு முன்பே கம்பெனி வேன்கள் வந்து நிற்கும். ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், எல்லை தாண்டினால் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அடுத்த மாதமே சம்பளம் கையில் வரும். அந்தப் பணத்தை நான் ஏளனமாகப் பேச மாட்டேன். அந்தச் சம்பளத்தில் வீட்டுக் கடன் அடைந்திருக்கிறது, தம்பிமார் படித்திருக்கிறார்கள். இதற்கு எதிரில் வைக்கப்போவது ஐந்து வருடம் சம்பளமே இல்லாத ஒரு படிப்பு. அதனால் அதைக் காகிதத்தில் எழுதித்தான் காட்ட வேண்டும்.

நான் எழுதிக் காட்டுவது இதுதான். பட்டம் மூன்று வருடம். பி.எட். இரண்டு வருடம், நான் படித்தபோது ஒரு வருடமாக இருந்தது, 2015இல் இரண்டாக்கினார்கள். பிறகு ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை நடத்தும் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். அதில் தேர்ச்சி பெற்றாலே வேலை இல்லை. 2018இல் வந்த அரசாணை 149இன்படி நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு நடத்த ஆசையிருந்தால் முதுகலைப் பட்டமும் வேண்டும். பதினேழு வயதில் பிளஸ் டூ முடிக்கும் பெண் எங்கும் நிற்காமல் போனாலும் பி.எட். முடிக்கும்போது இருபத்திரண்டு ஆகியிருக்கும்.

இதற்கு மேல் தேர்வுகளின் தேதிகள். தமிழ்நாட்டில் இரண்டாம் தாள் 2013இல் நடந்தது. அடுத்து 2017, 2019, 2023, 2025. அரசாணை 149 சொன்ன போட்டித் தேர்வு பட்டதாரி ஆசிரியர்களுக்கு முதல் முறையாக நடந்தது 2024 பிப்ரவரியில். “ஒரு வருஷம் வீட்ல இருக்கட்டும், அப்புறம் பி.எட். பார்த்துக்கலாம்” என்று சொல்கிறவர்களிடம் இந்த ஆண்டுகளைத்தான் வரிசையாகச் சொல்கிறேன். 2013க்குத் தயாராக முடியாதவள் 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு வருடம் தள்ளிப்போட்டால் நான்கு வருடம் போகக்கூடும்.

அந்த ‘ஒரு வருஷம்’ எப்போதும் பட்டத்துக்கும் பி.எட்.டுக்கும் நடுவில்தான் வருகிறது. பெண்ணுக்கு அப்போது இருபது, இருபத்தொரு வயது. ‘டிகிரி முடிச்சாச்சு’ என்று ஜாதகத்தோடு சேர்த்துச் சொல்லலாம். பி.எஸ்சி. பட்டம் வாசிப்பவளின் கையிலிருந்து தரகரின் கைக்குப் போகிற நேரம் அது.

வீடுகள் மட்டும் இப்படி நினைக்கவில்லை. தேவதாசி முறை ஒழியப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் 1989இல் தமிழக அரசு திருமண உதவித் திட்டம் தொடங்கியது. பெண்களைப் பள்ளியில் நிறுத்தி வைக்க அது உதவியது என்பதை மறுக்க மாட்டேன். 2011இல் தாலிக்கு நான்கு கிராம் தங்கம் சேர்ந்தது. பத்தாவது படித்தவளுக்கு 25,000 ரூபாய், பட்டதாரிக்கு 50,000. பட்டத்துக்கு அரசு கொடுத்த கூடுதல் மதிப்பும் கல்யாண மேடையில்தான் கைக்கு வந்தது. 2022இல் அதே அம்மையாரின் பெயரிலேயே அது உயர்கல்வித் திட்டமாக மாறியது. ‘புதுமைப் பெண்’ என்ற பெயரில் அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் தினத்தில், வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கி வைத்தார்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில். அந்த ஆயிரத்தைப் பற்றி நான் பிள்ளைகளிடம் சொல்வது ஒன்றே ஒன்று: வருகிற ஆயிரத்தில் முந்நூறோ நானூறோ தொடாமல் வை. பட்டம் முடிந்ததும் அந்த வரவு நின்றுவிடும், பி.எட். விண்ணப்பமும் முதல் கட்டணமும் அப்போதுதான் வரும். அந்தப் பணத்துக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கக் கூடாது.

அடுத்தது எங்கே, எதைச் சேர்வது. கவரைப்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் பொன்னேரி. அங்கே அரசுக் கல்லூரி இருக்கிறது. அதே ரயில்தான் சென்னைக்கும் போகிறது. பாரதி மகளிர் கல்லூரிக்கு இங்கிருந்து போய்வரலாம். மைசூருவில் மண்டலக் கல்வி நிறுவனம் இருக்கிறது, பி.எஸ்சி.யும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு வருடப் படிப்பு. தென் மாநிலங்களுக்கான நிறுவனம் என்பதால் நம் பிள்ளைகளும் நுழைவுத் தேர்வு எழுதலாம். ஒரு வருடம் மிச்சம், நடுவில் தரகர் நுழைய இடைவெளியும் இல்லை. “அவ்வளவு தூரமா?” என்று அப்பாக்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அப்படி ஒரு இடம் இருப்பது பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தக் கல்லூரியானாலும் இரண்டு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறேன். பட்டத்தின் பெயரில் கணிதத்தோடு வேறு சொல் ஒட்டிக்கொண்டிருந்தால், அது பி.எஸ்சி. கணிதத்துக்கு இணை என்று அரசாணை இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே விசாரிக்க வேண்டும். இரண்டாவது, துணைப்பாடம். தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 150 மதிப்பெண்ணில் 60 கணிதமும் அறிவியலும் சேர்ந்தது. துணைப்பாடமாக இயற்பியல் எடுத்தவளுக்கு அந்த இடத்தில் கால் தடுக்காது.

இனி, கணிதம். “பத்தாவது கணக்கு நடத்த எதுக்கு டீச்சர் ரியல் அனாலிசிஸ்?” என்று கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் கேட்பார்கள். ஜெர்மானியக் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் கிளைன் 1908லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கல்லூரியில் நுழைகிறவர் பள்ளிக் கணக்கை மறக்கிறார், ஆசிரியராகத் திரும்பும்போது கல்லூரிக் கணக்கை மறக்கிறார், இரண்டு முறை சங்கிலி அறுகிறது என்பது அவர் கவலை. நம் ஊரில் இன்னொரு அறுபடலும் உண்டு. தமிழ் வழியில் படித்தவளுக்கு முதல் பருவத்தில் வளையம் ‘ரிங்’ ஆகிறது, குலம் ‘குரூப்’ ஆகிறது. கணக்கு புரியாததா, மொழி புரியாததா என்று பிரித்துப் பார்க்கும் முன்பே ‘எனக்கு மேத்ஸ் வராது’ என்று முடிவுகட்டி விடுகிறாள். ஒரு நோட்டில் இரண்டு மொழியிலும் கலைச்சொற்களை எழுதி வரச் சொல்கிறேன். நாளைக்குத் தமிழ் வழி வகுப்பில் நிற்கும்போதும் அந்த நோட்டு உதவும்.

அறுந்ததை எப்படிக் கட்டுவது? ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “மைனஸையும் மைனஸையும் பெருக்கினா எப்படி மிஸ் பிளஸ் வரும்?” ‘அது விதி’ என்று சொல்லிவிட்டால் அன்றைய வகுப்பு முடிந்துவிடும். பலகையில் எழுதினேன். 2 × (−3) = −6. 1 × (−3) = −3. 0 × (−3) = 0. ஒவ்வொரு படியிலும் மூன்று கூடுகிறது. அடுத்த படி (−1) × (−3), அது 3. அவளுக்கு அது போதும். எனக்கு அது போதாது. வரிசை அப்படியே தொடரும் என்று யார் சொன்னது? இயற்கணிதத் தாளில் வளையங்களைப் படித்தபோதுதான் பதில் கிடைத்தது. 3 + (−3) பூஜ்யம். அதை −1ஆல் பெருக்கினாலும் பூஜ்யம். பங்கீட்டுப் பண்பின்படி பிரித்தால் −3உடன் (−1) × (−3)ஐக் கூட்டப் பூஜ்யம் வர வேண்டும். அப்படியானால் அது 3 ஆகத்தான் இருந்தாக வேண்டும். பங்கீட்டுப் பண்பு உடையாமல் இருக்க வேண்டுமென்றால் வேறு வழியே இல்லை. இது தெரிந்த ஆசிரியருக்குக் கேள்வி கேட்கிற பெண் தொந்தரவாகத் தெரிய மாட்டாள். ‘விதி, அப்படித்தான், கேட்காதே’ என்பதை வீட்டில் நிறையவே கேட்டுவிட்டு வருகிறாள். கணக்கு வகுப்பிலாவது காரணம் கிடைக்கட்டும்.

அந்த வளையங்களைப் பற்றிய நவீனக் கோட்பாட்டுக்கு 1921இல் அடித்தளம் போட்ட கட்டுரை எம்மி நொய்தர் என்ற பெண்ணுடையது. 1900இல் அவர் பெண்கள் பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் நடத்தத் தகுதித் தேர்வு எழுதித் தேறியவர். ‘பெண்ணுக்கு நல்ல வேலை’ அவர் கையிலேயே இருந்தது. அதை விட்டுவிட்டு, பெண்களை முறையாகச் சேர்க்காத எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் அனுமதி கேட்டு வகுப்புகளில் உட்கார்ந்தார். பிறகு கோட்டிங்கனில் சில ஆண்டுகள் டேவிட் ஹில்பெர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளைச் சம்பளமில்லாமல் நடத்தினார். தன் பெயரில் வகுப்பெடுக்கும் உரிமை 1919இல்தான் கிடைத்தது. எங்கள் பாடநூலில் இந்தக் கதை இல்லை. நான் சொல்வேன்.

பி.எட். பற்றி ஒரு எச்சரிக்கை. வகுப்புக்கே வர வேண்டாம், பணம் கட்டினால் வருகை போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லும் கல்லூரிகள் உண்டு. கைக்குழந்தையோடு இருந்த என்னிடமும் ஒரு கல்லூரியில் அப்படிச் சொன்னார்கள். கருணை மாதிரி இருந்தது. மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொண்டதால் நான் வேறிடத்தில் சேர்ந்து தினமும் போனேன். இப்போதைய விதிப்படி இரண்டு வருடத்தில் இருபது வாரம் பள்ளிகளில் பயிற்சி. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் சாக்பீஸோடு நின்று தடுமாற அந்த இருபது வாரம்தான் இடம். அதை விற்கிற கல்லூரியிடம் வாங்காதீர்கள். பெண் ஆசிரியர்களுக்காகவே 1922இல் தொடங்கப்பட்ட லேடி வெலிங்டன் கல்லூரி சென்னைக் கடற்கரையில் இருக்கிறது. அரசு இடங்களுக்கு முதலில் விண்ணப்பியுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு பெற்றோரிடம் ஒன்று கேட்பேன். “கல்யாணம் வேணாம்னு சொல்லலண்ணே. பி.எட். முடிஞ்ச அப்புறம் பேச்சை ஆரம்பிங்க. அதை இப்பவே, பொண்ணு முன்னாடி சொல்லுங்க.” சிலர் சிரித்து மழுப்புவார்கள். சிலர் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வருடம் கழித்து அந்தச் சொல் நினைவில்லாமல் போகலாம். ஆனால் அது சொல்லப்பட்டபோது பெண் பக்கத்தில் இருந்தாள், அவளுக்கு நினைவிருக்கும்.

போன வருடம் அப்படி வந்த ஒருத்தி இப்போது மூன்றாம் பருவத்தில் இருக்கிறாள். நாலு மணிக்கெல்லாம் அவள் வீடு திரும்புவதில்லை. கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு ஆறு மணி ரயிலில் வருகிறாள். “லேட்டாகுதுன்னு அம்மா திட்டுறாங்க மிஸ்” என்கிறாள். திட்டிக்கொண்டேதான் அவள் அம்மா தினமும் கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கிறார்.