தும்பறை மலையில் ஐந்து மோட்டார் சைக்கிள்கள்

மீமுரே என்னும் சிற்றூரின் பெயரை வாசகருட் பலர் கேள்வியுற்றிருப்பர். சென்று கண்டோர் சிலரே. கண்டி மாவட்டத்தில், தும்பறை மலைகள் மதிலெனச் சூழ்ந்து நிற்க, பள்ளத்தின் அடியிற் கிடக்கும் ஊர் அது. மடக்கிய கையின் விரல் மொளிகளைப் போலச் சிகரங்கள் வரிசையாக எழுந்து நிற்பதால் ஆங்கிலேயர் இத்தொடரை ‘நக்கிள்ஸ்’ என்றனர். 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டில் இதுவும் ஒரு பகுதி.

2013ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் நாம் ஐவர், ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில், கண்டியினின்றும் புறப்பட்டோம். மூத்தவர் எமக்குக் கணிதம் கற்பித்த மாஸ்டர். இளையவன் கிளிநொச்சியான். அவனை இசையவைக்க நாம் பட்ட பாடு கொஞ்சமன்று. “சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. அந்தக் காட்டுக்குள்ள நான் என்ன செய்யிறது, மாஸ்டர்?” என்று பன்முறை மறுத்தான். போர் ஓய்ந்து நான்காண்டே கழிந்திருந்த அந்நாளில் அவன் தயக்கத்தை நாம் குறைகூறவில்லை.

ஹுன்னஸ்கிரியாவில் மகியங்கனைப் பெருந்தெருவை விட்டுத் திரும்பினோம். லூல்வத்தையைத் தாண்டியபின் காடு. கோபெற்ஸ் கணவாயிற் காற்று எம்மை வண்டியோடு தள்ளிற்று. மூடுபனியில் முன்சென்றவரின் செவ்விளக்கும் மறைந்தது. அப்பால் இறக்கம். அந்நாளில் பாதையின் பெரும்பகுதி உடைந்த கல்லும் களிமண்ணுமே. ரயர்க் காற்றைச் சிறிது குறைத்து, முதலாங் கியரில், இயந்திரத்தின் பிடிப்பிலேயே இறங்கினோம். ஈரக்கல்லில் முன்பிரேக்கைத் தொடவே கூடாது என்று எமக்கு உபதேசித்தவர் மாஸ்டர், தொட்டவரும் அவரே. வண்டி ஒருபுறம், அவர் மறுபுறம். கணுக்கால் வீங்கிற்று. அட்டைகள் செய்த உபசாரத்தை விரிப்பிற் பெருகும்.

கைக்காவலைக்கு அப்பால், மாலை மங்கும் வேளையில், மழையாற் பெருகிய ஓடையொன்று பாதையை அறுத்துக்கொண்டு ஓடியது. திரும்புவோம் என்றனர் இருவர். காயமுற்றவரோடு அம்மலையை இருளில் ஏறுவதெங்ஙனம் என்றோம் மற்றையோர். வாதம் முற்றி, இப்பயணத்தை முதலில் எடுத்தவர் யார் என்று குற்றஞ்சாட்டும் நிலைக்கும் வந்துவிட்டது. நட்பின் பெருமை பேசுவோர், மழையிலும் பசியிலும் ஒருமுறை நண்பரோடு நின்று பார்த்தல் வேண்டும்!

கிளிநொச்சியான் ஒன்றும் பேசவில்லை. தடியொன்றை முறித்துக்கொண்டு நீரில் இறங்கினான். நடுவில் ஆழம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, ஒருபுறத்திற் குழி. குழியின் விளிம்பில் எம்முள் ஒருவரை அடையாளமாக நிறுத்தினான். மாஸ்டரை முதுகிற் சுமந்து அக்கரை சேர்த்தான். பின்பு வண்டிகளை ஒவ்வொன்றாக அவனே செலுத்தினான். விசையைத் தளர்த்தாது ஒரே சீராக ஓட்டல் வேண்டும்; நடுவில் இயந்திரம் நின்றால் சைலன்சர் வழியே நீர் புகும். ஐந்து முறையும் நிற்கவில்லை.

“மாரிக்கு எங்கட தெருவெல்லாம் இப்பிடித்தான்,” என்றான்.

ஊரின் முதல் வீட்டிலிருந்து ஒரு கிழவர் டோர்ச் விளக்கோடு வந்தார். எம்முடைய அரைகுறைச் சிங்களம் அவருக்குப் போதுமாயிருந்தது. கித்துள் கருப்பட்டியோடு தேநீர் கிடைத்தது. மாஸ்டரின் காலுக்குப் பச்சிலைக் கட்டும் கிடைத்தது. கிளிநொச்சியான் மட்டும் வாய் திறவாது திண்ணையோரத்தில் இருந்தான்.

விடிந்ததும் லக்கேகல சிகரத்தைக் கண்டோம். இராவணனின் விமானம் அங்கிருந்தே எழுந்ததென்பது அங்கு வழங்கும் கதை. நெடுநேரம் அதனைப் பார்த்து நின்ற பின்னரே, ஐவரில் ஒருவனைக் காணோம் என்பதை உணர்ந்தோம்.

அவன் கீழே வயலில் நின்றான். இராமழையில் வரம்பு உடைந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கிழவர் கையால் ஓரிடத்தைச் சுட்டி, “வக்கட, வக்கட” என்றார். “வக்கடை!” என்றான் இவன், நீர் போக வரம்பில் வெட்டும் வாயைத் தன் ஊரில் வழங்கும் பெயராலேயே. இருவரும் சிரித்தது மேலே எமக்குக் கேட்டது.

புறப்பட நேரமாயிற்று என்று இருமுறை ஹோர்ன் அடித்தோம். அவன் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்துவிட்டு, மண்வெட்டியை மீண்டும் எடுத்தான்.