சங்ககிரிப் பேய்

ஏற்காட்டுக்குப் போகிற நேயர்கள், மலைப்பாதை தொடங்கும் எங்கள் அடிவாரத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். இங்கே குடியிருக்கும் எனக்குச் சங்ககிரிக் கோட்டையின் பேய் பிதிரார்ஜிதமாக வந்து சேர்ந்தது. என் பாட்டி பிறந்த ஊர் சங்ககிரிக்குப் பக்கம். ஆடிப் பதினெட்டன்று பொழுது சாய்ந்துவிட்டால் அவள் எங்களை வாசற்படி தாண்ட விடமாட்டாள். "தூக்கிலே செத்தவர்கள் இன்றைக்குக் கோட்டையை விட்டு இறங்கி வருவார்கள்" என்பாள். சங்ககிரி எங்கே, அடிவாரம் எங்கே! இடையில் சுமார் 40 கிலோமீட்டர் இருக்கும். ஆனால் பேய்க்குத் தூரம் ஒரு பொருட்டா? நாங்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு கிடப்போம்.

கல்லூரியில் சரித்திரம் படித்தபோதுதான் அந்தப் பேயின் பெயர் தெரிந்தது: ஓடாநிலைத் தீரன் சின்னமலை. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் சேலம் சீமை கம்பெனியார் கைக்குப் போயிற்று. அவர்களை எதிர்த்துப் போரிட்ட சின்னமலையைச் சகோதரர்களுடன் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். அது 1805 ஜூலை 31. அன்று ஆடிப் பதினெட்டு. (இப்போது அந்நாள் ஆகஸ்டில் அல்லவா வருகிறது என்று கேட்கலாம். நம் பஞ்சாங்க வருஷம் இங்கிலீஷ் வருஷத்தைவிட இருபத்துச் சொச்சம் நிமிஷம் நீளம். இரண்டு நூற்றாண்டில் அது மூன்று நாளாகிவிட்டது.)

சென்ற வருஷம் என் வகுப்புப் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். முதல் வாசலிலேயே ஒரு பையன் நின்றுவிட்டான். மேலே பேய் இருக்கிறதாம். பட்டம் பெற்ற ஆசிரியனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? மற்றவர்கள் சிரிக்கும்படி அவனைக் கேலி செய்துவிட்டு, சின்னமலையின் கதையை விஸ்தாரமாகச் சொன்னேன். அவன் தலை நிமிராமலே கேட்டான்: "நமக்காகச் செத்தவரென்றால், நம்மை எதற்கு ஸார் பயமுறுத்துகிறார்?"

"நாழியாகிறது" என்று சொல்லி மேலே நடந்தேன். அவன் கீழேயே உட்கார்ந்திருந்தான்.

அன்றிரவு இதை அம்மாவிடம் சொன்னேன். "ஆடிப் பதினெட்டுக்குச் சித்திரான்னம் ஆனதும், உன் பாட்டி முதல் கைப்பிடியை இலையில் எடுத்துக் கொல்லையில் மேற்கே பார்த்து வைப்பாளே, நினைவிருக்கிறதா?" என்றாள்.

காக்கைக்கு என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

"அந்தப் பேய்க்குத்தானடா! பெயர் அவளுக்குத் தெரியாது. 'யார் பெற்ற பிள்ளைகளோ, பசியோடு போகக் கூடாது' என்பாள்."

மறுநாள் அந்தப் பையனைத் தனியே அழைத்து இதைச் சொன்னேன். கேலி செய்தது தவறென்றும் சொன்னேன். அவன் சற்று யோசித்தான்.

"அடுத்த தடவை மேலே வருகிறேன், ஸார். ஆனால் பகலிலேயே திரும்பிவிட வேண்டும்" என்றான்.