மெயில் பெட்டி இல்லாதவங்க கணக்கு

இன்னைக்கு கொஞ்சம் வேலையிடத்துக் கதை. நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

எங்க தொழிற்சாலையில ஓடினது எக்ஸ்சேஞ்ச் 2016 மெயில் சர்வர். 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடியுதுன்னு, முன்கூட்டியே திட்டம் போட மீட்டிங் வச்சாங்க. எஸ்.பி.எம். வரைக்கும் படிச்ச சூப்பர்வைசர் எனக்கு அங்கே என்ன வேலை? புரொடக்‌ஷன் சார்பா ஒரு ஆள் வேணுமாம், உட்கார வச்சிட்டாங்க.

ஐ.டி. தம்பி நல்லா விளக்கினார். 2016-ஐ அதே மெஷின்ல வச்சு புதுசாக்க முடியாது. பக்கத்துல புது சர்வர் எழுப்பி, கொஞ்ச நாள் ரெண்டையும் ஒண்ணா ஓட விட்டு, ஒவ்வொரு டிபார்ட்மெண்டா மெயில் பெட்டிகளை மாத்தணும். வீடு மாறுற மாதிரிதான். பட்டியல்ல 140 பெட்டி இருந்துச்சு.

நான் கேட்டேன், "தம்பி, இதுல என் கம்ப்ரசர் இருக்கா?"

எல்லாரும் சிரிச்சாங்க.

எங்க லைன் முழுக்க காற்றழுத்தத்துல ஓடுது. ராத்திரியில அழுத்தம் இறங்கினா கம்ப்ரசர் கன்ட்ரோலர்தான் மெயின்டனன்ஸுக்கு மெயில் அனுப்பும். அதுக்குன்னு பெட்டி கிடையாது, சர்வர் வழியா அனுப்ப அனுமதி மட்டும்தான். அதனால பெட்டிகளை எண்ணினா அது கணக்குல வராது.

சில வருஷம் முன்னாடி ஒரு ஞாயிறு ராத்திரி சர்வர் நின்னுபோச்சு. அழுத்தம் இறங்கியும் மெயில் வரல. விடியறதுக்குள்ள ஒரு ஷிப்ட் சரக்கே ரிஜெக்ட். விளக்கக் கடிதம் கேட்டது யாருகிட்ட? டியூட்டியில இருந்த சின்னப் பையன்கிட்ட. மெயில் வரலைன்னு எனக்குத் தெரியும். மேலே சொல்ல பயந்து வாயை மூடிக்கிட்டேன். மூணு மாசத்துல அவன் வேலையை விட்டுப் போயிட்டான். அந்த உறுத்தல்தான் இந்தத் தடவை என்னைப் பேச வச்சது.

மறுநாள் தம்பியும் நானும் நோட்டுப் புத்தகத்தோட தொழிற்சாலை முழுக்க நடந்தோம். ஸ்கேனர், யு.பி.எஸ்., குளிர் அறை அலாரம்னு 19 கருவி. எல்லாத்துலயும் பழைய சர்வரோட ஐ.பி. எண்ணைத்தான் பதிச்சிருந்தாங்க. பதிச்சவர் எப்பவோ வேலையை விட்டுட்டார். மெயில் பெட்டிகளை மாத்தினாலும் கருவிகளோட அனுமதிப் பட்டியல் தானா கூட வராதாம். கைப்பட எழுதணும். அதுல ரெண்டு கருவிக்கு, புது சர்வர் கேட்கிற டி.எல்.எஸ். 1.2 பாதுகாப்பு தெரியவே தெரியாது.

திட்டத்தை மாத்தினாங்க. எண்ணுக்குப் பதிலா சர்வர் பேரைப் பதிச்சாங்க, அடுத்த தடவை ஒரே இடத்துல மாத்தினா போதும். அந்த ரெண்டு பழைய கருவிக்கும் சைரன் இழுத்தாங்க. கம்ப்ரசர் அலாரம் மெயிலோட எஸ்.எம்.எஸ்.லயும் வரும், ஏன்னா சர்வர் புதுசானாலும் ஒரு நாள் நிக்கும். பழைய சர்வரை உடனே அணைக்காம, யார் இன்னும் கதவைத் தட்டுறாங்கன்னு ஒரு மாசம் பதிவேட்டைப் பார்த்தோம். மாசக் கடைசியில மட்டும் ரிப்போர்ட் அனுப்புற ரெண்டு மெஷின் அதுல மாட்டுச்சு. நாங்க நடந்தப்போ கண்ணுல படாதது.

உங்க கம்பெனியிலயும் சர்வர் மாத்தினா, யாருக்குப் பெட்டி இருக்குன்னு மட்டும் கேட்காதீங்க. எது எதெல்லாம் மெயில் அனுப்புதுன்னு கேளுங்க. ராத்திரி ஷிப்ட் ஆளையும் மீட்டிங்ல உட்கார வைங்க.

அந்தப் பையன் இதைப் படிப்பானான்னு தெரியல. படிச்சா, தப்பு உன்மேல இல்ல தம்பி. அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்.