காசிமைக் காணவில்லை

2004ஆம் ஆண்டு ஹாலிஎலயில் ஐந்தாம் தரத்துக்கு அலிபாபா கதை சொல்ல ஆயத்தமானேன். கலாசாலை நண்பரொருவரிடம் ஒரு நாளைக்கு மட்டும் இரவல் வாங்கிய நூலிலிருந்து ஒரு படத்தைப் பதுளையில் போட்டோப் பிரதி எடுத்து வைத்திருந்தேன். குகைக்குள் அகப்பட்ட காசிம், கதவு திறக்கும் சொல்லை மறந்து தவிக்கும் படம் அது. பிரதியில் குகை முழுவதும் கறுப்பாகிவிட்டது.

“சேர், காசிம் எங்க?” என்றார்கள் பிள்ளைகள்.

தோட்டத்து லயத்திலிருந்து வரும் சிறுமியொருத்தி என்னைக் காப்பாற்றினாள். “குகை இருட்டுத்தானே சேர், அதான் தெரியல்ல.”

கற்பனை செய்து பாருங்கள் என்று சொல்லிப் பாடத்தை முடித்துக்கொண்டேன்.

அந்தப் படத்தை வரைந்தவர் எட்மண்ட் துலாக். பிரான்ஸின் துலூஸ் நகரில் 1882இல் பிறந்தவர். லோரன்ஸ் ஹவுஸ்மன் மீட்டெழுதிய அராபிய இரவுக் கதைகள் 1907இல் லண்டனில் இவரது 50 வண்ணப் படங்களோடு வெளிவந்தன. மஞ்சள், சிவப்பு, நீலம் என மூன்று தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் முறை அப்போது வளர்ந்திருந்தது. அதனால் நீர்வண்ணத்தின் மெல்லிய சாயல்களும் தாளில் இறங்கின. வழவழப்பான தாளில் தனியே அச்சான படங்களைக் கையாலேயே பக்கங்களில் ஒட்டினார்கள். பாரசீகச் சிற்றோவியங்களிடம் துலாக் நிறையக் கற்றவர். நம்மவர் பரம்பரையாகக் கேட்டுவந்த கதைகள், கீழைத்தேயத்து நிறங்களோடு, மேலைநாட்டுச் செல்வந்தர் பிள்ளைகளுக்கு நத்தார்ப் பரிசாகிப் போயின.

அதே காலத்தில் கல்கத்தாவில் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி இருந்தார். சிறுவர் இராமாயணத்துக்குத் தான் வரைந்த படங்கள் மர அச்சில் சிதைந்து வந்ததைக் கண்டவர், பிரித்தானியாவிலிருந்து கருவிகளைத் தருவித்து, படம் அச்சிடும் நுட்பத்தைத் தானே கற்றார். 1910இல் குருவிக் கதைகளைத் தன் படங்களோடு வெளியிட்டார். 1913இல் ‘சந்தேஷ்’ சிறுவர் சஞ்சிகையைத் தொடங்கினார். கெட்டுப்போன படத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. எனக்கு வந்தது. இதை வாசித்த நாள் முதல் அந்தக் கறுப்புத் தாள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

சென்ற ஜனவரியில் அந்தச் சிறுமி, இப்போது ஒரு தாய், மகளை முதலாம் தரத்தில் சேர்க்க வந்தாள். கைபேசியில் துலாக்கின் படத்தைத் தேடியெடுத்து நீட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

“இவ்வளவு நிறமா சேர் அந்த இருட்டுக்குள்ள இருந்திச்சி?”

மகள் எட்டிப் பார்த்தாள். கைபேசியை அவளுடைய உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்தேன்.