அரிசிப் பானைக்குள் அரைக் குவாட்டர்

அக்கா உலை வைத்துவிட்டு, நாழியை என் கையில் தந்து அரிசி அளந்துவரச் சொன்னாள். பானைக்குள் கையை விட்டதும் சம்பா அரிசிக்கு நடுவில் சில்லென்று கண்ணாடி தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் பாதி காலியான குவாட்டர் பாட்டில். சிந்திவிடாமல் இருக்க மூடியைச் சுற்றிப் பழைய சேலைத் துண்டைக் கட்டி வைத்திருந்தாள்.

"அத அங்ஙனயே வையி பிள்ளே. காலையில அவியளுக்குள்ளது."

குரலில் பதற்றமே இல்லை. பிள்ளைக்கு எடுத்துவைத்த பாலைத் தொடாதே என்பது மாதிரிதான் சொன்னாள்.

பெரியம்மை மகள் அவள். நாகர்கோவில் வடசேரியில் வீடு. அத்தானுக்குக் கோயில் நகை வேலை. நாகர்கோவிலின் இந்த நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. பரதநாட்டிய மேடையில் மின்னுகிற நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம் பலதும் இந்தத் தெருக்களில் பிறந்தவை. அரிசியை விடச் சிறிய கெம்புக் கல்லை அதன் குழியில் உட்கார வைக்க வேண்டும். அதற்குக் கை அசையாமல் நிற்க வேண்டும். அத்தானின் கை காலையில் நிற்காது. தம்ளரைப் பிடித்தால் தண்ணீர் சட்டையில்தான் விழும். அக்கா பாட்டிலிலிருந்து இரண்டு விரல் உயரம் ஊற்றி, தண்ணீர் கலந்து, சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் திரையை இழுத்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பாள். கால் மணி நேரத்தில் கை நின்றுவிடும். அவர் பட்டறைக்குப் புறப்படுவார்.

2016 மே மாதம் ஜெயலலிதா மறுபடி முதல்வரானதும் 500 டாஸ்மாக் மதுக்கடைகளை மூட உத்தரவிட்டார். மிச்சக் கடைகள் திறக்கும் நேரத்தைக் காலை 10 மணியிலிருந்து பகல் 12க்குத் தள்ளிவைத்தார். அரசாங்கம் பூட்டிய அந்த இரண்டு மணி நேரத்தையும் சேர்த்து அக்கா அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். ராத்திரி அவர் கண் அசந்ததும் மிச்சத்தை எடுத்து ஒளித்துவிடுவாள். ஒன்றும் மிஞ்சாது என்று தோன்றுகிற நாளில் முன்கூட்டியே காசு கொடுத்து யாரையாவது வாங்கிவரச் சொல்வாள்.

பட்டறையிலிருந்து போன் வந்தால் எடுப்பதும் அவள்தான். "அவியளுக்குக் காய்ச்சலு, நாளைக்கு வருவாவ." ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் வயிற்றோட்டம், ஒருநாள் சித்தப்பா மரணம். அந்தச் சித்தப்பா பதினாலு வருஷத்தில் இரண்டு தடவை செத்தார். அது பொய் என்று பட்டறைக்காரருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பொய் ஒவ்வொரு தடவையும் மரியாதையாகச் சொல்லப்பட்டது, மரியாதையாகக் கேட்கப்பட்டது.

நான் மட்டும் யோக்கியமா? ஒரு தீபாவளிக்கு அக்காவின் சங்கிலியை அடகுக் கடையிலிருந்து திருப்பிக் கொடுத்தேன். பொங்கலுக்குள் அது மறுபடி அங்கேயே போயிற்று. கொடுத்த அன்று என்னை நானே பெரிய மனுஷியாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இப்போது கணக்குப் பார்த்தால், அத்தானின் அந்த இரண்டு மாதக் குடிக்கு முதல் போட்டவள் நான்.

இதற்கு ஊரில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: இடம் கொடுப்பது. "அவ எடம் குடுத்துத்தான் அவன் கெட்டான்." கல்யாணமான முதல் வருஷம் அக்கா அழுதுகொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தபோது "ஆம்பளைன்னா அப்படி இப்படி இருப்பான், பொறுத்துப் போ மக்கா" என்று திருப்பி அனுப்பிய அதே வாய்கள்தான் பின்னாளில் இதையும் சொல்லின. பொறுத்துப்போவதற்கும் இடம் கொடுப்பதற்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று யாரும் அவளுக்குக் காட்டியதில்லை. கூடையில் வைத்துக் கணவனைத் தாசி வீட்டுக்குச் சுமந்துபோன நளாயினியைத்தான் நாம் காட்டியிருக்கிறோம்.

இன்னும் பக்கத்தில் ஒருத்தி இருக்கிறாள். சுசீந்திரம் தலபுராணத்தின் நாயகி அனசூயை. அவள் கற்பைச் சோதிக்க மும்மூர்த்திகளும் வேதியர் வேஷத்தில் வந்து, உடையில்லாமல் உணவு பரிமாறச் சொன்னார்கள். அவள் அத்திரியின் பாதம் கழுவிய நீரைத் தெளித்து மூவரையும் கைக்குழந்தைகளாக்கிவிட்டாள். தாணுமாலயன் சந்நிதிக்குப் போகும்போதெல்லாம் கேட்ட கதைதான். அரிசிப் பானையைப் பார்த்த பிறகு அது எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது. அக்காவும் அதைத்தானே செய்திருக்கிறாள்? நாற்பத்தைந்து வயது ஆளுக்கு நேரத்துக்கு ஊட்டி, துடைத்து, வாந்தியைக் கழுவி, யாராவது அதட்டினால் மறைத்து நின்று, அவருக்காகப் பேசி, அவரைத் தொட்டிலில் போட்டுவிட்டாள். புராணத்தில் மூன்று தேவியரும் வந்து கெஞ்சியதும் அனசூயை குழந்தைகளை மறுபடி மூர்த்திகளாக்கிக் கொடுத்துவிடுகிறாள். அந்தப் பாதி அக்காவுக்குக் கைவரவில்லை.

இப்படி எழுதுவது சுலபம். அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு தடவை அவளுடைய அண்ணன் வந்து, "மூணு நாள் பூட்டிப் போட்டா எல்லாம் சரியாவும்" என்று அத்தானை மச்சு அறையில் தள்ளித் தாழ்போட்டான். மறுநாள் சாயங்காலம் வலிப்பு வந்தது. மூன்றாம் ராத்திரி சுவரிலிருந்து எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். சுவரில் எறும்பே இல்லை. நெடுநாள் குடித்த மூளை, மதுவின் அமுக்கத்துக்கு ஈடுகொடுக்கத் தன்னை எப்போதும் முடுக்கியே வைத்திருக்குமாம். மது சட்டென்று நின்றால் முடுக்கம் மட்டும் மிச்சம். கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, பிதற்றல் எல்லாம் அதனால் வருவது. கவனிக்காமல் விட்டால் உயிரும் போகும். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, தயமின் ஊசி போட்டுப் படிப்படியாக இறக்குவார்கள். அக்காவுக்கு ஆஸ்பத்திரி வழி தெரியாது, அரிசிப் பானை வழி தெரியும். அந்த இரண்டு விரல் பிராந்தி வலிப்பைத் தடுத்தது நிஜம். குடியைக் காப்பாற்றியதும் அதுவேதான்.

பஸ் நிலையச் சுவரில் "அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்ற நோட்டீசைப் பார்த்துப் பொடி வாங்கியும் போட்டிருக்கிறாள். டைசல்பிரம் என்று முறையான மருந்து ஒன்று உண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து நெஞ்சு படபடத்து ரத்த அழுத்தம் சரியும். அதனாலேயே நோயாளியிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிக் கொடுக்க வேண்டியது. பொட்டலப் பொடியில் என்ன இருக்கிறது என்று எழுதியே இருக்காது. அவருக்கு மட்டும் கலந்தால் சந்தேகம் வருமென்று மீன் குழம்புச் சட்டியிலேயே கொட்டி, அக்காவும் ஒரு மண்டலம் அதையே சாப்பிட்டாள். அத்தான் சொன்னது ஒன்றுதான்: "என்னட்டி, கொழம்பு கொஞ்சம் கசக்கு."

இந்த மாவட்டத்துக்குக் குடியைப் பற்றிச் சொல்ல மறக்க முடியாத ஒரு நாள் இருக்கிறது. 2015 ஜூலை 31. சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள், மார்த்தாண்டம் பக்கம் உண்ணாமலைக்கடையில் ஒரு டாஸ்மாக் கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறினார். அங்கேயே உயிர் போயிற்று. தமிழ்நாடு முழுக்கப் போராட்டம் வெடித்தது. அன்று டி.வி. முன்னால் அக்கா வாய்விட்டு அழுதாள். அடுத்த விளம்பர இடைவேளையில் எழுந்துபோய் அரிசிப் பானையில் கைவிட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, 2017 ஏப்ரலில் கடைகள் இடம் மாறியபோது, "இனி வண்டிக்குப் பெட்ரோலும் நாம்தான் போடணும்" என்றாள்.

எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைப்பதாகச் சொல்கிறது. குடிப்பவரை எண்ணிய கணக்கு அது. அவருக்காகப் போன் எடுக்கிறவர்களை எண்ணும் பத்தி எந்தப் படிவத்திலும் இல்லை.

அவர்களையும் நோயின் கணக்கில் சேர்த்தவர் சாந்தி ரங்கநாதன். டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதனை மணந்தவர். பணம், படிப்பு, பெயர் எல்லாம் உள்ள வீடு. கணவரைக் குடி கொண்டுபோயிற்று. அழுது முடித்து 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். ஊருக்கு அது டி.டி.கே. ஆஸ்பத்திரி. குடிப்பவருக்குச் சிகிச்சை நடக்கும்போதே குடும்பத்தாருக்கும் அங்கே தனி வகுப்பு உண்டு. ஒரு பெரிய வீட்டுப் பெண் இப்படித் தன் வீட்டுக் கதவைத் திறந்து காட்டியது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. அமெரிக்காவில் இன்னொருத்தி, லோயிஸ் வில்சன். கணவர் பில் 1935இல் ஏ.ஏ. என்கிற குடிநோயாளர் கூட்டமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவர். அவர் குடியை விட்ட பிறகு ஒருநாள், கூட்டத்துக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தியபோது லோயிஸ் கையிலிருந்த செருப்பை வீசினாராம். இத்தனை வருஷம் தாங்கியும் தன்னால் முடியாததை முன்பின் தெரியாத குடிகாரர்கள் முடித்துவிட்டார்கள் என்ற ஆத்திரம். 1951இல் அவர் முன்னின்று அல்-அனான் என்று குடிநோயாளிகளின் வீட்டாருக்கென்றே ஓர் அமைப்பை உண்டாக்கினார். எனக்கு அந்த அமைப்பை விட அந்தச் செருப்பின் மேல்தான் மரியாதை.

அக்காவிடம் அப்படி ஒரு செருப்பு இருப்பது ஆலோசகர் முன்னால் உட்கார்ந்தபோது தெரிந்தது. இரண்டாவது வலிப்புக்குப் பிறகு அத்தானை ஒரு மையத்தில் சேர்த்திருந்தோம். ஆலோசகர் சின்னப் பெண். அவள் கேட்டாள்: "அவர் கடைசியாத் தன் கடனைத் தானே அடைச்சது எப்போக்கா?" அக்கா விரல்விட்டு எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டாள். "இதுவரை அவிய உயிரோட இருக்காவன்னா நான் பாத்ததுனாலதான்" என்று சீறினாள். அந்தப் பெண் மறுக்கவில்லை. "சரிக்கா. இனிமே போன் வந்தா அவர் கையில குடுங்க. அது ஒண்ணு மட்டும் செய்யுங்க" என்றாள். அவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து நாலு மாதம் அத்தான் தொடவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு சொக்காரன் வீட்டுக் கல்யாணத்தில் தொட்டார். மறுநாள் காலை நான் அங்கே இருந்தேன். கட்டிலில் சுருண்டு கிடந்தார். பட்டறையிலிருந்து போன் அடித்தது. அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்து, போனை எடுத்து, பேச வாயைக்கூடத் திறந்துவிட்டாள். பிறகு மூன்றடி நடந்து அதை அவர் கையில் வைத்தாள்.

அவர் இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்தார். "அண்ணாச்சி... எனக்கு... காய்ச்சலு... இல்ல, சித்தப்பா..." என்று இழுத்தார். பதினாலு வருஷத்தில் தனக்காக ஒரு பொய்யைக்கூடச் சொல்லிப் பழகாத வாய் அது. அக்கா கொல்லைக்குப் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். நிரம்பிய வாளியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.